ஜேபஸ் காயில் வரைந்தபடியே ஆனவர்கள்

லண்டனில் கோதுமை விலை இரட்டிப்பான வருடம், அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், அமைச்சர் ரெக்ஸ்பி பிரபுவுக்குப் பன்றி மூக்கு முளைத்தது. காலை எட்டு மணிக்குள் முளைத்து முடிந்துவிட்டது. வலியில்லை, காய்ச்சலில்லை. சவரம் செய்ய வந்தவன், மேலுதட்டில் கத்தி வைக்க இடம் போதவில்லை என்று மட்டும் சொன்னான். பிரபு கண்ணாடியைப் பார்த்தார், இரண்டு முட்டை சாப்பிட்டார், நாடாளுமன்றத்துக்குப் போய் ரொட்டி விலையைக் குறைக்க முடியாது என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்.

அந்த மூக்கை வரைந்தவன் ஜேபஸ் காயில். செயின்ட் ஜேம்ஸ் தெருவில் டார்கஸ் பெல்லோ என்ற விதவை சித்திரக்கடை நடத்தினாள். பெரிய மனிதர்களைக் கேலி செய்து அவளுக்குச் செப்புத் தகட்டில் கீறித் தருவது ஜேபஸின் தொழில். தகட்டிலிருந்து அச்செடுத்து, வண்ணம் பூசி, திங்கட்கிழமை கடை ஜன்னலில் மாட்டுவார்கள். வசதியுள்ளவன் வாங்குவான், இல்லாதவன் ஜன்னலில் நின்று சிரித்துவிட்டுப் போவான். பதினாறு வருடம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அந்த வசந்த காலத்திலிருந்துதான் இந்தத் தொல்லை. திங்களன்று மாட்டிய படம் வெள்ளிக்கிழமைக்குள் பலித்துவிடும். பூசணிக்காய் வயிறு போட்டால் அந்த நீதிபதிக்குப் பூசணிக்காய் வயிறு. கொக்குக் கால் போட்டால் அந்தத் தளபதி கொக்குக் காலோடு அணிவகுப்பைப் பார்வையிடுவார். ஒரு பிஷப்புக்கு வால்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒருவராவது அலறினார்களா? இல்லை. தையல்காரர்கள் இடுப்பைத் தளர்த்திக் கொடுத்தார்கள், தச்சர்கள் நாற்காலியில் வாலுக்கு ஓட்டை வைத்தார்கள். ஜன்னல் கூட்டம் படத்தைப் பார்க்கும், வண்டியில் போகிற ஆளைப் பார்க்கும், "அச்சு அசலா இருக்காருப்பா" என்று சொல்லிக் கலைந்துவிடும். திங்களன்றே சிரித்திருக்கலாம். நாலு நாளில் அப்படியே ஆகப்போகிற மனிதரைப் பார்த்து என்ன சிரிப்பு என்று அதையும் விட்டுவிட்டார்கள். இதில் கொடுமை என்னவென்றால், வரையப்பட்டவர்களுக்குப் பரம சந்தோஷம். முன்பு தெருவில் யாருக்கும் அடையாளம் தெரியாது, இப்போது தெரிகிறதே! ரெக்ஸ்பி பிரபு தன் மூக்குப் படத்தில் ஆறு பிரதிகள் வாங்கி, மாமியாருக்குக்கூட ஒன்று அனுப்பினார்.

ஜேபஸுக்கு இது வெறும் தொழில் விவகாரமாக இருந்திருந்தால் பரவாயில்லை. அவன் தம்பி ஆமோஸ் சிறையில் இருந்தான். செப்டம்பரில் பசித்த கூட்டம் ஒரு ரொட்டிக் கடைக் கதவை உடைத்தபோது முதல் உதை அவனுடையது. தூக்குத்தண்டனை, நவம்பர் பத்தாம் தேதி, திங்கட்கிழமை. கருணை மனு ரெக்ஸ்பியின் மேஜையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. ஆளை நன்றாக அவமானப்படுத்தினால் ஊருக்குப் பயந்தாவது கையெழுத்துப் போடுவார் என்பது ஜேபஸின் கணக்கு. மூக்குக்குப் பிறகு கழுதைக் காது வரைந்தான். முளைத்தது. பிரபு அதற்கு ஏற்றபடி தொப்பி தைத்துக்கொண்டார். அடுத்து, ஏழைகளின் ரொட்டியை மெத்தையாகப் போட்டு அவர் உட்கார்ந்திருப்பதாக வரைந்தான். வெள்ளிக்கிழமை சபையில் அப்படியே உட்கார்ந்தார். அது நாகரிகம் என்று நினைத்து மற்ற உறுப்பினர்களும் ஆளுக்கொரு ரொட்டியோடு வர ஆரம்பித்தார்கள். ரொட்டி விலை இன்னும் அரை பென்னி ஏறியது.

ஜேபஸ் தலையில் அடித்துக்கொண்டான். "வெக்கம்னு ஒண்ணு அந்தாளுக்கு இருக்கா இல்லையாம்மா? மூக்க மாத்தினேன், காத மாத்தினேன், கல்லு மாதிரி நிக்கிறானே!"

டார்கஸ் ஜன்னலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏம்ப்பா, மூக்கும் வயிறும் விட்டா உனக்கு வேற தெரியாதா? அந்தாளு மனுவுல கையெழுத்துப் போடுற மாதிரி வரைஞ்சு தொலையேன். கை முறிஞ்சா போயிடும்?"

"அவன நல்லவனாவா? என் கையால இதுவரைக்கும் ஒருத்தனையும் நல்லவனா வரைஞ்சதில்லம்மா."

"தம்பி கழுத்தா, உன் ரோஷமா? சட்டுனு சொல்லு, நான் கடை தொறக்கணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தான். கண்ணில் நீர் ததும்ப, முகமெல்லாம் இரக்கமாக, ரெக்ஸ்பி பிரபு மனுவில் கையெழுத்திடுகிறார். தகட்டில் கீறுவது அச்சில் இடம் வலமாக மாறிவிழும் என்பதால் எல்லாவற்றையும் மாற்றித்தான் கீற வேண்டும். பதினாறு வருடப் பழக்கம் ஆத்திரத்தில் மறந்துபோனது. அச்சில் பிரபு இடது கையால் கையெழுத்திட்டார். திருத்த நேரமில்லை, திங்கட்கிழமை விடிந்துவிட்டது. மாட்டிவிட்டார்கள்.

கூட்டம் ஜன்னலை நெருங்கி வந்து பார்த்தது. பிறகு சிரித்தது பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! "ரெக்ஸ்பிக்கு அழுகை வருதாம்டி!" என்று ஒரு மீன்காரி கூடையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தைக் கலைக்க வந்த காவலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான். மதியத்துக்குள் பிரபுவே வண்டியில் வந்து இறங்கினார். பன்றி மூக்கு சிவந்திருந்தது. "இது அநியாயம்! பரம்பரை பரம்பரையா எங்க வீட்டுல ஒருத்தன் கண்ணு கலங்கினதில்ல! நாளைக்கு எவன் எனக்குப் பயப்படுவான்? எறக்குங்க அத!"

"எறக்கிடலாம் பிரபு, வெள்ளிக்கிழமை கழியட்டும்," என்றாள் டார்கஸ்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவருடைய இடது கை தானாகப் போய்ப் பேனாவை எடுத்தது. வலது கையால் அதை அமுக்கிப் பிடித்துப் பார்த்தாராம், முடியவில்லை. கண்ணீர் வேறு கொட்டியது. கையெழுத்து விழுந்தது. அதோடு முடிந்ததா? சிறை அதிகாரி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது அவரு கையெழுத்தே இல்லையே, கோழி கெளறின மாதிரில்ல இருக்கு," என்றார். ஜேபஸோடு போயிருந்த டார்கஸ் கடைக்கு ஓடி, படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து விரித்துக் காட்டினாள். அவர் இடது கையை உற்றுப் பார்த்தார். "ஜன்னல்ல மாட்டினதா? அத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று சாவியை எடுத்தார்.

வெளியே வந்தது ஆமோஸ் இல்லை, அவனுடைய எலும்பு. ஏழு வாரத்தில் சிறைக் காய்ச்சல் அவனைத் தின்றுவிட்டிருந்தது. கொடுத்த ரொட்டி தொண்டைக்குள் இறங்கவில்லை. கிறிஸ்துமஸ் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஜேபஸுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இதுக்காடா உன்ன வெளிய கொண்டு வந்தேன்?" என்று கத்தினான். கத்திக்கொண்டே புதுத் தகடு ஒன்றை எடுத்தான்.

தம்பியை எதிரில் உட்காரவைத்து, எந்த அமைச்சருக்கும் காட்டாத கொடூரத்தோடு வரைந்தான். பன் போல இரண்டு கன்னம், சட்டைப் பொத்தானெல்லாம் தெறிக்கிற வயிறு, தொங்கும் மோவாய்கள். கண்ணைத் துடைத்துத் துடைத்து வரைந்தான்.

ஆமோஸ் எட்டிப் பார்த்தான். "அண்ணே, சாகப் போறவன ஏன்ணே இப்படிக் கேலி பண்ற?"

"வாய மூடிக்கிட்டு உக்காருடா. இன்னொரு மோவாய் பாக்கி இருக்கு."

பத்தாம் தேதி காலையில் அதை ஜன்னலில் மாட்டினார்கள். ஆமோஸ் அதன்பின் முப்பத்துநாலு வருடம் வாழ்ந்தான். தெருமுனை மதுக்கடைக்காரர் அவனுக்காக வாசலை இரண்டு முறை இடித்து அகலப்படுத்தினார்.