புஷ்பவள்ளி மேல் எழுதிய ரிப்போர்ட்

1992இல் ஸ்ரீஸ்கந்தராஜா தீவு நகரான ஜார்ஜ் டவுனில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் டெக்னீஷியனாக இருந்தார். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைப் பிழியும் பெரிய டிரம்மின் மோட்டாருக்கு அந்த வருடம்தான் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் பொருத்தினார்கள். டிரம் முழு வேகம் பிடிக்க ஒரு நிமிடம் ஆனது. மேனேஜர் ராமதாசுக்கு அது அதிகமாகப் பட்டது. அவர் சொன்னபடி ஸ்ரீஸ்கந்தராஜா இன்வெர்ட்டர் செட்டிங்கில் அதை இருபது வினாடியாகக் குறைத்தார்.

அதிலிருந்து டிரம் அடிக்கடி பாதியில் நின்றது. கரண்ட் அளவு மீறியதும் இன்வெர்ட்டர் தானாக நிறுத்திவிடும். துணியை அளவுக்கு மேல் திணிப்பதுதான் காரணம் என்று அவர் ரிப்போர்ட் எழுதினார். டிரம்மை ஓட்டிய புஷ்பவள்ளியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

மூன்றாம் வாரம், புதிதாக வந்தவளிடமும் டிரம் நின்றது. அன்று அவள் பாதித் துணிதான் போட்டிருந்தாள். ஸ்ரீஸ்கந்தராஜா மோட்டார் வயரில் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தார். ஈரத்துணியோடு கனத்த டிரம் மெல்லத்தான் வேகம் பிடித்தது. இன்வெர்ட்டரோ காத்திருக்காமல் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனது. ஈடுகொடுக்க முடியாத மோட்டார் கரண்டை அளவுக்கு மீறி இழுத்தது. செட்டிங்கை மறுபடி ஒரு நிமிடமாக்கினார். கரண்ட் எல்லைக்குள் அடங்கியது. முழுத் துணியோடும் டிரம் நிற்காமல் ஓடியது.

ராமதாசிடம் போய்ச் சொன்னார்.

“இப்ப ஓடுதுல்ல? விடுங்கலா. அந்த ஃபைல மூடியாச்சு.”

சனிக்கிழமை மதியம் பெர்ரியில் கடலைக் கடந்து எதிர்க்கரையிலிருந்த பாகான் டாலாமுக்குப் போனார். புஷ்பவள்ளி தன் வீட்டுப் பைப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டும் எழுந்திருக்கவில்லை.

“அக்கா, டிரம் நின்னது உங்களால இல்ல. நான் வச்ச செட்டிங்தான் தப்பு.”

“நான் அன்னைக்கே சொன்னேன் சார், துணி அதிகமில்ல, ஆரம்பிச்சதுமே மோட்டார் உறுமுதுன்னு. நீங்க காதுலயே போட்டுக்கல.”

அவள் அடுத்த மீனை எடுத்து அலசினாள்.

“வேற கம்பெனியில வேலை கேட்டா, அங்கேருந்து ஏன் நிறுத்துனாங்கன்னு கேக்குறான். நான் என்ன சொல்றது?”

“திரும்ப எடுக்கச் சொல்லி மேனேஜர்கிட்ட பேசுறேன்.”

“அங்க நான் வர மாட்டேன். இப்ப சொன்னத எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.”

அவர் தயங்கினார். எழுதினால் தன் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்தாள். அவர் படியில் உட்கார்ந்து, எதையும் விடாமல் எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாளை அவள் லேபர் ஆபீசில் கொடுத்தாள். நான்கு மாதம் கழித்து, அவள்மேல் தவறில்லை என்று கம்பெனி கடிதம் கொடுத்தது. அதைக் காட்டி பட்டர்வொர்த்தில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஸ்ரீஸ்கந்தராஜாவை ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

பிறகு ஒருமுறை பெர்ரியில் அவளைக் கண்டார். அவளும் அவரைப் பார்த்தாள். கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் பக்கத்தில் போகவில்லை.