காது தொட்டால் கூக்ளி

தடால்! ஸ்கோரர் மேசைக்கு மேலிருந்த தகரக் கூரையில் பந்து விழுந்த சத்தத்தில், புதுக்கோட்டை மைதானத்துப் புளியமரக் காக்கைகள் மொத்தமும் எழுந்து பறந்தன.

"ஏ டெஸ்ட் பிளேயரு! பேசாம ஒன் ஊரு ஆவூருக்கே போயி கோயில் மணி அடிப்பா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

இருதயநாதன் பல்லைக் கடித்தான். இந்தியாவுக்காக இரண்டு டெஸ்ட் ஆடி, பிறகு கழற்றிவிடப்பட்ட லெக்-ஸ்பின்னர் அவன். ஐம்பத்தொன்பதாம் வருஷத்து இந்த மாட்ச் ஒன்றுதான் மிச்சம். ஷாமியானாவின் கீழே, சென்னையிலிருந்து வந்த செலக்டர் உட்கார்ந்திருந்தார். அவர் மனம் வைத்தால் கப்பலேறி வெளிநாட்டு டூர். இல்லையென்றால் அவன் ஆட்டம் அத்தோடு சரி.

அடித்துக்கொண்டிருந்தவன் மதுரைக்காரன் சந்தனம். வழக்கமான லெக்-பிரேக்கை மரியாதையாகத் தடுத்தான். கூக்ளி வந்தால் மட்டும் இறங்கி வந்து தூக்கினான். அதே கைவீச்சில் வந்து எதிர்ப்பக்கம் திரும்புகிற பந்து அது. வெள்ளைக்காரனே திணறிய பந்து. இவனுக்கு மட்டும் எப்படி முன்கூட்டியே தெரிகிறது?

தெரிந்தவன் ஒருவன்தான் உண்டு. விக்கெட் கீப்பர் ஞானராஜ். இருதயநாதனுடைய அக்கா புருஷன். கூக்ளி போடுமுன் இருதயநாதன் காது மடலைத் தொடுவான். கீப்பர் ஏமாறாமலிருக்க இருவரும் பேசி வைத்துக்கொண்ட சைகை அது. ஒரு வருஷமாக ஞானராஜ் அவனோடு பேசுவதில்லை. ஏனென்று இருதயநாதன் கேட்டதும் இல்லை.

அடுத்த பந்துக்குக் காதைத் தொட்டான். ஸ்டம்புக்குப் பின்னால் கிளவுஸ் 'டப் டப்' என்று தட்டியது. மச்சான் உற்சாகப்படுத்துகிறார் என்றல்லவா இத்தனை நேரம் நினைத்திருந்தான்! சந்தனத்தின் முன்கால் அப்போதே நகர்ந்துவிட்டது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடியது.

"இது கூக்ளியாண்ணே, கொழுக்கட்டையாண்ணே?" என்று சந்தனம் இளித்தான்.

இருதயநாதன் மறுபடி காதைத் தொட்டான். கிளவுஸ் தட்டியது. சந்தனம் பாய்ந்து இறங்கினான். வந்ததோ லெக்-பிரேக்! பிட்ச்சில் விரித்திருந்த தேங்காய் நார்ப்பாயில் விழுந்து, மட்டையைத் தாண்டிச் சீறி, ஆஃப் ஸ்டம்பைச் சாய்த்தது. கீப்பரும் தப்பான பக்கம் நகர்ந்து நின்றான்.

உயர்த்திய கையோடு ஷாமியானாவைத் திரும்பிப் பார்த்தான் இருதயநாதன். நாற்காலி காலி. பார்த்தது போதுமென்று செலக்டர் கிளம்பிவிட்டார். திருச்சி ரோட்டில் அவருடைய கார் புழுதி கிளப்பிப் போய்க்கொண்டிருந்தது.

ஓடிப்போய் ஞானராஜின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே மச்சான்! ஒங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணுனேன்?"

ஞானராஜ் பதறவில்லை. கிளவுஸை நிதானமாகக் கழற்றினான். இரண்டு கைகளையும் இருதயநாதனின் மூக்குக்கு நேரே நீட்டினான். அவை கொஞ்சமும் அசையாமல் நின்றன.

"போன வருசம் என்னைய மெட்ராஸ் டீமுக்கு எடுக்கலாமான்னு அந்த செலக்டர் கேட்டப்ப, 'அவருக்குக் கை நடுங்குது, வேணாங்க'ன்னு சொன்னது யாருடா மாப்புள்ள?"