பட்டினித் தொட்டி

பிஸ்கட் ஆலையில் எல்லோருக்கும் அவள் ஊதல் அக்கா. கழிவுநீர்த் தொட்டிக்குக் காற்று ஊதும் இரண்டு மெஷின்களும் அவள் பொறுப்பில். அந்த இரைச்சலில் கத்திக் கத்திப் பேசி, வீட்டிலும் அவளுக்கு மெல்லப் பேச வராது.

புது அடுப்பு பொருத்த ஆலையை மூடியிருந்தார்கள். சில நாள் என்றார்கள், வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனது. எல்லோருக்கும் லீவு, அவளுக்கு மட்டும் இல்லை. தொட்டிக்குள் கோடானுகோடி கிருமிகள் இருந்தன. மாவும் சர்க்கரையுமாக வரும் கழிவுநீரைத் தின்று, தண்ணீரைத் தெளிய வைப்பவை அவைதான். அவற்றுக்கு லீவு விட முடியுமா? கூட வேலை பார்த்தவன் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டான். பகலும் அவளே, இரவும் அவளே.

மேனேஜர் போகும்போதே சொல்லிவிட்டார். “ஆலை திறக்கிறப்போ தொட்டி செத்துக் கிடந்தா காண்ட்ராக்டரைத்தான் கூப்பிடணும். அவன் லாரியில கிருமியோட புதுக் கசடையும் கொண்டு வருவான், ஆளையும் கொண்டு வருவான். அப்புறம் என்னைக் கேட்காதேம்மா.”

வீட்டில் கணவன் ஏணியிலிருந்து விழுந்து, மாவுக்கட்டுக் காலோடு படுத்திருந்தான். அவளுக்கு இந்த வேலையை விட்டால் வேறு கதி இல்லை.

ஒருமுறை காற்று நின்று தொட்டி கறுத்து, தெருவே மூக்கைப் பிடித்ததை அவள் பார்த்திருக்கிறாள். அந்தப் பயத்தில் இரண்டு மெஷினையும் ஒரு நொடிகூட நிறுத்தவில்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போட ஓடுவாள். கண்ணயர்ந்தாலும் காது மட்டும் மெஷினிலேயே இருக்கும்.

காலையில் தொட்டித் தண்ணீரை நெட்டைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வைப்பாள். கிருமிகள் பழுப்புக் கசடாக அடியில் படியும். ஆலை ஓடியபோது அது பாதிக் குடுவைக்கு நிற்கும். இப்போது விரற்கடை அளவுதான். மேலே தண்ணீர் பளிங்கு மாதிரி. அதில் சாம்பல் போலத் தூள் தூளாக ஏதோ மிதந்தது. கொட்டிவிட்டு மறுபடியும் பிடித்துப் பார்த்தாள்; அதேதான்.

அன்று துணி மாற்ற வீட்டுக்குப் போனபோது கணவன் அவள் கையைப் பிடித்துப் பார்த்தான். வளையல் முழங்கை வரை தடையில்லாமல் ஏறியது.

“கால் ஒடிஞ்சவன் நான். இளைச்சவ நீயா? நல்ல கூத்து! ஏதாவது தின்னியா?”

“தின்னேன், தின்னேன்.”

“எப்போ? போன மாசமா?”

“வாயை மூடிட்டுப் படுங்க. மெஷின் தனியா ஓடிட்டிருக்கு.”

“அதுக்கு வாய்ச்ச யோகம் எனக்கு இல்லையே!”

சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. டப்பாவில் சாப்பாட்டை அடைத்துக்கொண்டு கிளம்பினாள். அதைத் திறக்க மறந்துவிடுவாள் என்பது இருவருக்குமே தெரியும்.

ஆலை திறக்கும் நாள் நெருங்கியது. தண்ணீரைச் சோதிக்கும் லேப் பெண் லீவு முடிந்து வந்தாள். வந்ததும் வராததுமாகத் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, பிராணவாயுவை அளக்கும் மீட்டரின் முனையை உள்ளே விட்டு, பாட்டிலின் வாயை இறுக்கி மூடினாள். கிருமிகள் மூச்சு விட விட மீட்டரில் எண் இறங்க வேண்டும். அது நகர மனசில்லாமல் நின்றது.

“செத்துடுச்சாம்மா?” ஊதல் அக்கா மீட்டரின் மேலேயே குனிந்தாள்.

“இல்லக்கா. லேசா மூச்சு இருக்கு. ஆமா, ரெண்டு மெஷினும் எப்போலேருந்து ஓடுது?”

“நிறுத்தவே இல்லியே! கண்ணுல வெச்சுக் காப்பாத்தினேன்.”

லேப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். “அய்யோ அக்கா! வெளியில சாப்பாடு வரலேன்னா இதுங்க உள்ளே சேர்த்து வெச்சதைத் தின்னும். அது தீர்ந்தா தன் உடம்பையே கரைச்சுத் தின்னும். செத்ததோட உடம்பை மத்தது தின்னும். இதுக்கெல்லாம் காத்து வேணும். நீங்க நிறுத்தாம ஊதி ஊதி, பட்டினி கிடக்கிறவனை ஓட்டப்பந்தயத்துல விட்டிருக்கீங்க. காத்தைக் குறைச்சிருந்தா மெள்ளத்தான் கரைஞ்சிருக்கும்.”

ஊதல் அக்கா அப்படியே கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை இரவு! எல்லாம் இதற்கா?

“இப்போ என்ன பண்றது?”

“ஒரு மெஷினை அணைங்க. இன்னொண்ணை விட்டு விட்டு ஓட்டுவோம். நாறாத அளவுக்குக் காத்து போதும்.”

அவள் கை சுவிட்சின் மேல் போனது; அழுத்த மாட்டேன் என்றது. லேப் பெண்தான் அவள் விரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள். பாதி இரைச்சல் அடங்கியது. காது ரொய்யென்றது.

கிடங்கில் உடைசல் பிஸ்கட் மூட்டைகள் கிடந்தன. அவற்றை ஊதல் அக்கா ஊறவைத்துக் கரைத்தாள். அவசரத்தில் டிரம்மோடு கவிழ்க்கப் போனவளைத் தடுத்தாள் லேப் பெண். “பட்டினி கிடந்த வயிறுக்கா. கொஞ்சம் கொஞ்சமா.” அன்றிலிருந்து ஊதல் அக்கா குவளை குவளையாகத்தான் ஊற்றினாள். குடுவையில் கசடு விரற்கடையை விட்டு மேலே வர மனம் வைக்கவில்லை. ஆனால், குறைவதை நிறுத்திவிட்டது.

ஆலை திறந்தது. புது அடுப்பின் வாசனையோடு முதல் கழிவுநீர் வெள்ளை வெளேரென்று வந்து விழுந்தது. மேனேஜர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, போனில் காண்ட்ராக்டரின் நம்பரைத் தயாராக வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

லேப் பெண் பாட்டிலை மூடினாள். மீட்டர் எண் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஊதல் அக்கா புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். எண் ஒரு புள்ளி இறங்கியது. இன்னொரு புள்ளி. பிறகு படியில் உருளும் டம்ளர் மாதிரி கடகடவென்று இறங்கியது.

“திங்குதுக்கா!” லேப் பெண் துள்ளினாள். “எண்ணிக்கை கம்மிதான். சாப்பாட்டைப் பார்த்துப் பார்த்து விட்டா பெருகிடும்.”

மேனேஜர் போனைப் பைக்குள் போட்டார். “சரி, காண்ட்ராக்டர் வேண்டாம். ஆனா இன்னொரு ஆள் கிடைக்கிற வரைக்கும் ராத்திரியும் நீயே பார்த்துக்கம்மா. பழகினதுதானே?”

தலையாட்டத்தான் அவள் கழுத்து பழகியிருந்தது. ஆனால், அணைந்து கிடந்த மெஷினின் மேல் அவள் பார்வை போனது.

“முடியாது சார்.”

“என்னது?”

“பகல் நான் பார்க்கிறேன். ராத்திரிக்கு ஆள் போடுங்க. ராத்திரி நான் தூங்கணும்.” அந்தப் பாதி இரைச்சலில் கத்த வேண்டியிருக்கவில்லை. மெல்லவே சொன்னாள்.

மேனேஜர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். “பார்க்கலாம்” என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். பார்ப்பாரோ மாட்டாரோ, அதை நினைக்கவும் அவளுக்கு அலுப்பாக இருந்தது.

வாளியின் மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். முதல் வாய் தொண்டையில் இறங்க மறுத்தது. தண்ணீர் குடித்தாள். அடுத்த வாயைச் சின்னதாக எடுத்தாள்.

தொட்டியில் நுரை மெல்லப் பொங்கியது. அவள் அவசரப்படாமல் மென்றாள்.