விலைச்சீட்டில் அம்மா

கன்னத்துப் பவுடரை அழித்துக்கொண்டிருக்கிறேன், திரை முழுக்க அம்மாவின் கன்னம், இவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தால் அது முகமாகவே இல்லை, காய்ந்த நிலம்போல ஏதோ, மவுஸ் நகர நகர வெள்ளை போய்க் கறுப்பு வருகிறது, இன்னுங் கொஞ்சம் டல்லாக்கும்மா, பையர் பாத்தா மனசு எளகோணும், என்கிறார் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் மேனேஜர் சிவசண்முகம், உங்கம்மாதான, நீயே பண்ணிட்டா அவங்களும் ஒண்ணுஞ் சொல்லமாட்டாங்க, நான் பூவை எடுக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு எடுக்கிறேன், மல்லிகை போன இடத்தில் முடியை இட்டு நிரப்புகிறேன், எனக்கு இதெல்லாம் நன்றாக வரும், அதுதான் எரிச்சல்.

வெளிநாட்டுக் கடையில் தொங்கப்போகும் டி-சர்ட்டின் கழுத்தில் ஓர் அட்டை, ஒரு பக்கம் விலை, மறுபக்கம் அதைச் செய்த தொழிலாளியின் படம், ஆள் நிஜமானவராக இருக்க வேண்டும் என்பது சரக்கை வாங்குகிற பையரின் நிபந்தனை, கீழே செக்கிங்கில் பிசிறு வெட்டுகிறவர்களில் பழைய ஆள் என்று அம்மாவைச் சொன்னார்கள், படம் எடுத்த அன்று அவள் என் பட்டமளிப்புக்குக் கட்டிய அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, பவுடர் அப்பி, பூ வைத்து, திருப்பூர் பஸ்ஸில் கசங்காமல் நின்றபடியே வந்தாள், ஏனுங்க்கா துளசிமணியக்கா, இன்னிக்கு ஆரு ஊட்டுக் கல்யாணம், என்றாள் செக்கிங்கில் ஒருத்தி, மாப்பள சீமைக்காரன், என்றாள் இன்னொருத்தி, மேசை முழுக்கச் சிரித்தது, அம்மா சிரிக்காமல் கேமராவைப் பார்த்தாள், பட்டுக் கட்டினால் யாரிடமும் எதையும் கேட்கத் தேவையில்லாதவளின் முகம் அவளுக்கு வந்துவிடும்.

படத்தில் முகத்தை வெளுப்பதில்தானே நான் தொழில் கற்றேன், கல்லூரி விடுமுறைகளில் தாராபுரம் ஸ்டூடியோவில், யார் வந்தாலும் கேட்காமலே வெளுக்க வேண்டும், செத்தவரைக்கூட வெளுத்துத்தான் மாலை போடுவார்கள், ஒருமுறை ஆத்திரத்தில் ஒரு கல்யாணப் பெண்ணை அவள் நிறத்திலேயே விட்டேன், அவள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டாள், எம்மேல உங்களுக்கு என்னுங்க்கா கோவம், இந்தக் கம்பெனியில் எல்லாம் தலைகீழ், இங்கே கறுக்க வேண்டும், வறள வேண்டும், பட்டின்மேல் ஒரு சாயம்போன நூல்சேலையை வரைகிறேன், பின்னால் பூசாத செங்கல் சுவர், எங்கள் வீட்டுச் சுவர் பூசியாயிற்று, அம்மாவே கலர் பார்த்து வாங்கிப் பூசினாள், வளரும் நாட்டில் வடிவமைப்பு என்ன செய்யும் என்று பரீட்சையில் கேட்டார்கள், பொருளுக்கு மதிப்பைக் கூட்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி முதல் மார்க் வாங்கினேன், எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி, படத்தில் சேலையின் விலையைக் குறைத்தால் பனியனின் விலை ஏறும் என்று அந்தப் பாடத்தில் இல்லை.

சாம்பிள் அட்டையை அச்செடுத்தேன், கீழே கட்டிப் பாத்துட்டு ஓகேன்னா சாயங்காலம் பிரிண்டிங் பிரஸ்ஸுக்கு அனுப்பீரு, என்றார் மேனேஜர், கொண்டுபோனேன், செக்கிங் மேசையில் அம்மா கத்தரியை வைத்துவிட்டு அட்டையை வாங்கினாள், டி-சர்ட்டின் கழுத்தில் மாட்டினாள், திருப்பிப் பார்த்தாள், கட்டைவிரலால் தடவிக்கூடப் பார்த்தாள், பாவம், ஆரு கண்ணு இது, நம்ம கம்பெனியா, பாத்துக்க ஆளில்லாத சீவனாட்ட இருக்குது, நான் நின்றேன், பொய் சொல்லலாம், வேறு யூனிட் என்று சொன்னால் நம்புவாள், நீதாம்மா என்றேன், பக்கத்தில் ஓடிய கத்தரிகள் நின்றுபோயின, அம்மா அட்டையைத் தள்ளிப் பிடித்தாள், கிட்டே பிடித்தாள், கோபப்படுவாள் என்று நினைத்தேன், கோபப்பட்டிருக்கலாம், தொலைந்த பொருளைத் தேடுகிறவள்போல மெல்லக் கேட்டாள், என்ற சேல எங்க கண்ணு.

படியேறி மேலே வருகிறேன், திரையில் அந்தப் பாவப்பட்டவள் இருக்கிறாள், என் மாற்றங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காக இருக்கின்றன, ஒவ்வோர் அடுக்காக அணைக்கிறேன், சுவர் போகிறது, நூல்சேலை போகிறது, அரக்கு எரிந்துகொண்டு வருகிறது, என்னம்மா பண்ற, இப்படிப் போட்டா இவங்க தொழிலாளின்னு பையர் எப்படி நம்புவான், என்கிறார் மேனேஜர், நம்பலைன்னா அவன் பாடு சார், அவன் நம்பறதுக்காக எங்கம்மா பட்டுக் கட்டல, வேலைய நெனச்சுப் பேசு, நெனச்சுத்தான் பேசறேன், படத்தை வேற யாராச்சும் மாத்துனா அனுமதி இல்லைன்னு அம்மாகிட்ட கையெழுத்து வாங்கி பையருக்கே அனுப்புவேன், எங்கம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அவர் யாருக்கோ போன் போட வெளியே போகிறார், என்னை வேலையிலிருந்து தூக்கச் சொல்லத்தான் இருக்கும், இருக்கட்டும், பிரஸ்ஸுக்கு அனுப்பு என்பதை அழுத்திவிட்டேன், பிறகும் திரையை மூடாமல், அம்மாவின் முகத்தை மறுபடி பெரிதாக்குகிறேன், கன்னத்தில் பவுடர் திட்டுத்திட்டாக, காதோரம் பூசவே இல்லை, அவசரத்தில் விட்டிருக்கிறாள், கை தன்னால் சரிசெய்யப் போகிறது, மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன், கதவு திறக்கும் சத்தம், நான் திரும்பவில்லை, திரையிலிருந்து அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், யாரிடமும் எதையும் கேட்காமல்.