சிவப்பைத் தாண்டிய ஊசி

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி. விடியலில் தூறிய மழை நின்று, நண்பகலில் வெயில் சுள்ளென்று அடித்தது. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த, அவரிடமே தொழில் கற்ற மூத்த மகள், உடைகூட மாற்றாமல், பட்டறையில் நின்ற அவருடைய காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள்.

முந்தைய நாள் நெஞ்சுவலியில் துடித்த அப்பாவை இந்தக் காரில்தான் தம்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியில் வெப்பமானியின் ஊசி சிவப்பைத் தொட்டது. அந்த வீட்டில் பிறந்த எவரும் அதன்பின் வண்டியை ஓட்டமாட்டார்கள். பட்டறைக்காரரான அப்பா சோற்றோடு ஊட்டிய பாடம் அது. அந்த நிலையிலும் அவரே, "நிறுத்துடா, எஞ்சின் போயிடும்" என்றாராம். தம்பி நிறுத்தினான். வேறு வண்டி பிடிக்க ஓடியவன் திரும்புவதற்குள் அப்பாவின் மூச்சு நின்றிருந்தது.

இப்போது அவன் வாசற்படியில் அமர்ந்திருந்தான். வண்டி ஓட்டத் தெரியுமே தவிர, அதன் உள்விவரம் எதுவும் அவனுக்குத் தெரியாது. நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அக்கா, நிறுத்தாம ஓட்டியிருந்தா போய்ச் சேர்ந்திருக்குமா? அதை மட்டும் சொல்லு."

"பாக்காம சொல்ல நான் என்ன ஜோசியக்காரியா? உள்ள போய் ஏதாவது சாப்பிடு."

"நீ சொல்லு. அப்புறம் சாப்பிடறேன்."

பெரிய பழுது இருக்கக் கூடாதே என்று வண்டிக்காரர்கள் கைபிசைந்து நிற்பதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். இன்று அவளோ, இருக்க வேண்டுமே என்று வேண்டினாள். தண்ணீர் கலந்து ஆயில் பாலாக வெளுத்திருந்தால் போதும், எஞ்சின் அங்கேயே போய்விட்டது என்று தம்பியிடம் சொல்லிவிடலாம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தாள். ஆயில் தெளிவாக இருந்தது. வெடித்திருந்த ரப்பர் குழாயை மாற்றி, தண்ணீர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டாள். ரேடியேட்டரின் வாயில் ஒரு குமிழிகூட எழவில்லை. புகையில் வெண்மை இல்லை. அணைத்துவிட்டு அளந்தபோது, நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் ஒன்றுபோல் நின்றது. எஞ்சின் கல்லுக்குண்டு போலிருந்தது. ஆஸ்பத்திரிக்கு இரண்டே திருப்பங்கள்தாம் மீதியிருந்தன. போய்ச் சேர்ந்திருக்கும்.

தம்பி எழுந்து வந்தான். "ஓடுச்சே, அக்கா?"

"நின்ன இடத்துல ஓடும்டா. எஞ்சினோட மேல்மூடி, அந்த ஹெட், சூட்டுல வளைஞ்சு போச்சு. நீ நிறுத்தலைன்னாலும் அடுத்த திருப்பத்துல அதுவே படுத்திருக்கும்."

"சத்தியமா?"

"நாளைக்குக் கழட்டி உன் கண்ணு முன்னாலேயே காட்டறேன். போதுமா?"

"அப்பாதான் நிறுத்தச் சொன்னாரு..."

"சொல்லாம இருப்பாரா? உயிர் போனாலும் எஞ்சின் போகக் கூடாது அவருக்கு."

தம்பி சிரித்தான்; சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். சற்று நேரத்தில் தட்டில் கரண்டி படும் ஒலி கேட்டது.

சாப்பிட்ட கையோடு அவன் அயர்ந்து தூங்கிவிட்டதை எட்டிப் பார்த்துவிட்டு, நாளைக்கு அவனுக்குக் காட்ட வேண்டியதை நினைத்தபடி அவள் பட்டறைக்குத் திரும்பினாள். ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்து, பாதிக்கு மேல் தண்ணீரை வடியவிட்டு மூடினாள். அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து குழிவிழுந்த இருக்கையில் அமர்ந்து, எஞ்சினைக் கிளப்பி, ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

ஊசி ஏறியது. சிவப்பைத் தொட்டதும் அவளுடைய கால் தானாகவே மேலெழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் திரும்பவும் அழுத்தினாள்.

கருகிய நாற்றம் எழுந்தது. உள்ளே முதலில் கிணுகிணுவென்றது. பிறகு தடதடவென்று தட்டியது. பின்பு இரும்பு இரும்பை இறுகப் பிடித்துக்கொள்ள, வண்டி ஒருமுறை குலுங்கி நின்றது.

அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. மணி மாலை ஐந்து நாற்பது.