கோட்டைத் தாண்டிய கோழித்துண்டு

அலியூன் ஃபாய், வயது இருபத்துமூன்று, சொந்த ஊர் செனகலில் ம்பூர், இப்போது இருப்பது ஸ்பெயினில் வலென்சியா நகரத்து பெனிமாக்லெட் பகுதியில், மூன்றாவது மாடியில் ஓர் அறை. உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலையும் இருக்கிறது. ஆரஞ்சுப் பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கிடங்கு. வீட்டில் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: வேலைநேரம் போக அவனோடு பேச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலைத் திறந்து வைத்து, கீழே தெருவில் மற்றவர்கள் சிரிப்பதைக் கேட்டபடி முட்டை பொரித்துத் தின்பான்.

அந்தச் சிரிப்பு எதிர்வரிசைத் தெருச் சங்கத்திலிருந்து வருவது. மார்ச் மாதத் திருவிழாவைச் சாக்காக வைத்து வருஷம் முழுக்கக் கூடிச் சமைத்துச் சாப்பிடுகிற கூட்டம். கிடங்கில் அவனோடு வேலை செய்யும் அம்பாரோ அதில் ஒருத்தி. போன ஞாயிறு அவனையும் வரச் சொன்னாள். அங்கே சமைப்பது அவள் மாமா சீமோ. அவருக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் ஞாயிறுதோறும் மேசையில் இடம் உண்டு. பிடிக்காவிட்டால் யாரும் திட்டமாட்டார்கள், அடுத்த வாரம் கூப்பிடமாட்டார்கள், அவ்வளவுதான். அலியூனுக்கு அந்த இடம் வேண்டும். சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டான். ஒரு தர்பூசணியைக் குழந்தையைப் போல இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

வாசலிலேயே அம்பாரோ பிடித்துக்கொண்டாள்.

"சோத்தைக் கிளறாத. எலுமிச்சம்பழம் கேக்காத. வெங்காயம்ங்கிற பேச்சே எடுக்காத. மத்தபடி நீ நீயா இரு."

சீமோ அவனிடம் கரண்டியைக் கொடுக்கவில்லை, விறகைக் கொடுத்தார். தெருவின் நடுவே முக்காலி அடுப்பு, அதன் மேல் பயேயா என்கிற அந்த ஊர்க் கறிச்சோறு ஆக்க மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்கு அகலமான சட்டி. அவன் சாப்பிட வேண்டுமென்று மூலையில் உள்ள மொராக்கோக்காரர் கடையில் ஹலால் கோழி வாங்கியிருந்தார்கள். வழக்கமாகச் சேர்க்கும் முயல் கறியை விட்டுவிட்டதில் சீமோவுக்கு மனத்தாங்கல்தான் என்று அம்பாரோ காதோடு சொன்னாள். அலியூன் ஆரஞ்சு மரக் குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகித் தீயைச் சட்டியின் ஓரம்வரை சமமாகப் பரப்பினான். சீமோ குனிந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அது பாராட்டு என்றாள் அம்பாரோ.

சோறு வெந்ததும் சட்டியை அப்படியே மேசைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். தட்டு கிடையாது. எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்தார்கள், ஆளுக்கொரு மரக்கரண்டி. அலியூனுக்குப் பயம் பாதி கரைந்துபோயிற்று. ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்வதும், அவரவர் முன்னால் இருக்கிற சோற்றை மட்டும் தொடுவதும் அவனுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். இதில் யாரும் அவனுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று நினைத்தான்.

அங்கேதான் சறுக்கியது.

அவன் பக்கத்தில் நல்ல தொடைத்துண்டு ஒன்று கிடந்தது. ம்பூரில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால் வயசில் சின்னவன் அதைத் தின்ன மாட்டான். பெரியவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். அலியூன் துண்டைக் கரண்டியால் நெட்டி, சீமோவின் முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்தான். சீமோ அதைப் பார்த்தார், சட்டியின் நடுவே ஒதுக்கி வைத்தார். பெரியவர்கள் முதலில் வேண்டாம் என்றுதானே சொல்வார்கள்! அலியூன் நடுவிலிருந்து அதை எடுத்து மறுபடி அவர் பக்கம் தள்ளினான். கூடவே இன்னொரு துண்டும், நாலு வெள்ளைப் பயறும் போயின. மேசையில் பேச்சு நின்றுவிட்டது. அம்பாரோ மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள். இன்னும் தாராளமாகக் கொடு என்று சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, மூன்றாவது துண்டையும் நகர்த்தினான்.

சீமோ கரண்டியைக் கீழே வைத்தார்.

"தம்பி, என் சமையல் வாய்க்குப் பிடிக்கலன்னா நேரா சொல்லிடு. வேண்டாததை எல்லாம் என் பக்கம் கொட்டாத."

அலியூனுக்குக் காது இரண்டும் சுட்டது. இந்த ஊரில் பிடிக்காத துண்டை நடுவில் ஒதுக்குவார்கள், விருப்பப்பட்டவர் எடுத்துக்கொள்வார். ஓரத்திலிருந்து நடுவரை அவரவர் பங்குக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு உண்டு, அடுத்தவர் கோட்டைத் தாண்டி எதையும் தள்ளக்கூடாது. அம்பாரோ எச்சரித்த மூன்றில் இது இல்லை. எழுந்து மாடிக்கு ஓடிவிடலாமா என்றுகூட அவனுக்குத் தோன்றியது. ஆனால் ஓடினால் மறுபடி ஜன்னலும் முட்டையும்தான்.

"இல்ல மாமா," என்றான். ம்பூரில் மூத்தவர்கள் எல்லாரையும் அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "எங்க வீட்டுல நல்ல துண்ட நாம தின்னா அம்மா முதுகுல ரெண்டு வைப்பாங்க. யாரு மேல மரியாதையோ அவங்க பக்கம் தள்ளணும். நீங்க திருப்பித் தள்ளுனீங்க, கூச்சப்படுறீங்கன்னு நெனச்சேன்."

சீமோவின் மனைவி ஃபீனா மெதுவாகத் தன் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா? கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்தச் சட்டியில உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடறேன். ஒரு எலும்பாவது என் பக்கம் வந்திருக்கா?"

மேசையே சிரிப்பில் குலுங்கியது. சீமோ ஏதோ முனகினார், அலியூன் தள்ளிய தொடைத்துண்டை எடுத்து ஃபீனா பக்கம் வைத்தார். அவள் அதை அலியூனிடம் அனுப்பினாள். அம்பாரோ தன்னுடையதை எதிரே இருந்த கிழவருக்குத் தள்ளினாள், அவர் ஒரு பயறைப் பெரிய மரியாதையோடு திருப்பி அனுப்பினார். கோடெல்லாம் அழிந்து சட்டி உழுத வயல்போல் ஆயிற்று. இது பயேயாவே இல்லை, எந்தச் சாமியும் மன்னிக்காது என்று சீமோ புலம்பிக்கொண்டே, அடியில் முறுகியிருந்த சோற்றைச் சுரண்டினார். அந்த முறுகலுக்குத்தான் அங்கே எப்போதும் சண்டை. சுரண்டியதை யாரையும் பார்க்காமல் அலியூனின் முன்னால் போட்டார்.

சாப்பாடு முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. காபி வந்தது, தர்பூசணி வெட்டினார்கள், வெயில் சாயும்வரை பேச்சு. ம்பூரில் சட்டியில் என்ன ஆக்குவீர்கள் என்று கேட்டார்கள். மீன் சோற்றைப் பற்றிச் சொல்லச் சொல்ல அலியூனுக்கே வாய் ஊறியது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சீமோ சொன்னார்:

"வர்ற ஞாயித்துக்கெழம கரண்டி உனக்கு. நான் வெறகு பாத்துக்கறேன்."

அலியூன் யோசிக்காமல் சரி என்றுவிட்டான். மாடி ஏறும்போதுதான் உறைத்தது: மீன் சோற்றை அவன் சாப்பிட்டிருக்கிறானே தவிர, ஒருநாளும் ஆக்கியதில்லை. சங்கத்தில் அதற்குள் நாற்பது பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே ம்பூரில் இதைப் படிப்பது அம்மாவோ, ஆவா அக்காவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாராக இருந்தாலும் சரி: நாற்பது பேருக்கு அரிசி எவ்வளவு, மீனை எப்போது வெளியே எடுக்க வேண்டும், சோறு குழையாமல் இருக்கத் தண்ணீர் எந்த அளவு என்று வெள்ளிக்கிழமைக்குள் அலியூனுக்குச் சொல்லி அனுப்புங்கள்.