அம்மாவை ஆர் பாக்கிறது

ஞானம்பிகை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தொனத்தெல்லா பின்னால் வந்து நின்றாள்.

"நாளைக்குக் காஸாவுக்காக வேலைநிறுத்தம். ரயில், பள்ளிக்கூடம், துறைமுகம் எல்லாம் நிக்கப்போகுது. நீ வெள்ளெனவே வந்திடு. நான் ஊர்வலத்துக்குப் போகவேணும்."

தொனத்தெல்லா ஆசிரியை. பால்கனியில் பாலஸ்தீனக் கொடி கட்டியிருந்தாள். செய்தியில் பிள்ளைகளைக் காட்டினால் உண்மையாகவே அழுவாள். அதில் ஞானம்பிகைக்குச் சந்தேகமில்லை. நடக்கமுடியாத அவளுடைய தாய் ஆகாத்தாவைப் பராமரிப்பதுதான் ஞானம்பிகையின் வேலை.

"நானும் நாளைக்கு வேலைநிறுத்தம், சிஞ்ஞோரா."

தொனத்தெல்லா சிரித்தாள். குழந்தையின் பேச்சுக்குச் சிரிப்பதுபோல. "நீயுமோ? அப்ப அம்மாவை ஆர் பாக்கிறது?"

பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற மாதம் அது. இந்த வேலை இல்லையென்றால் இந்நாட்டில் இருக்க அனுமதியும் இல்லை. ஞானம்பிகை துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள்.

பல்லரோச் சந்தைக்குப் பின்னாலிருந்த அவர்களுடைய அறையில் கணவன் பூபாலசிங்கம் சொன்னான்: "எங்களுக்கு அடி விழேக்கை இவையள் ஆர் தெருவுக்கு வந்தவை? பேசாமல் வேலைக்குப் போ."

"ஒருத்தரும் வரேல்லை எண்டுதான் நான் போகவேணும் எண்டுறன்."

முள்ளிவாய்க்காலில் பதுங்கு குழிக்குள் அவளுடைய தம்பி ரேடியோவைக் காதோடு வைத்திருந்தான். வெளிநாட்டிலை சனம் ரோட்டுக்கு இறங்கிட்டுதாம் அக்கா, இனி நிப்பாட்டிப்போடுவாங்கள் என்றான். இறங்கியது அங்கே குடியேறியிருந்த எங்கள் சனம்தான், அந்நாட்டுச் சனம் அல்ல என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. தம்பி அதைத் தெரியாமலே செத்துப்போனான்.

மறுநாள் ஞானம்பிகை வெள்ளெனவே வேலைக்கு வந்ததும் தொனத்தெல்லா ஊர்வலத்துக்குப் புறப்பட்டுவிட்டாள். ஸ்தாசியோனே, ரயில் நிலையப் பக்கமிருந்து மேளச்சத்தம் கிளம்பியதும் ஆகாத்தா தலையை நிமிர்த்தினாள். "புனித ரொசாலியாவின்ரை திருவிழாவோ? என்னைக் கீழை கொண்டுபோ."

ஞானம்பிகை அவளுக்குச் சப்பாத்து மாட்டி, சக்கர நாற்காலியை லிஃப்டில் இறக்கினாள். தெரு நிறையச் சனம். கடைக்காரர்கள், கிழவர்கள், பிள்ளைகளைத் தோளில் வைத்திருந்த தகப்பன்மார். முன்பின் தெரியாத ஊருக்காக இத்தனைபேர் தொண்டை கிழியக் கத்துவதைப் பார்த்தபோது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இந்தச் சனம் அன்றைக்கு எங்கே போயிருந்தது?

"மம்மா!"

தொனத்தெல்லா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள். தாயை முத்தமிட்டாள். சிநேகிதிகளைக் கூப்பிட்டாள். கிழவியின் கையில் சின்னக் கொடி ஒன்றைக் கொடுத்தாள். பிறகு ஃபோனை நீட்டினாள்.

"ஞானா, எங்களை ஒரு படம் எடு. இந்த வயதிலையும் அம்மா வந்திருக்கிறா எண்டு எல்லாரும் பாக்கட்டும்."

ஃபோன் நீட்டியபடியே இருந்தது. ஞானம்பிகை நாற்காலியின் பிடியிலிருந்து கைகளை எடுத்தாள்.

"எங்கடை ஊரிலையும் இப்பிடித்தான் சிஞ்ஞோரா குண்டு போட்டவங்கள். என்ரை தம்பி அதிலைதான் செத்தவன். இத்தனை வருசத்திலை ஒருநாளும் நீங்கள் கேக்கேல்லை." அவள் நாற்காலிச் சில்லின் பூட்டைப் போட்டாள். "அம்மாவுக்கு மருந்து குடுத்திட்டன். வெயிலிலை கனநேரம் வைச்சிருக்காதேங்கோ. இண்டைக்கு எனக்கும் வேலைநிறுத்தம்."

"ஞானா, நில். இந்தச் சனத்துக்குள்ளை நான் தனிய எப்பிடி…"

அவள் நிற்கவில்லை. நீளமான பதாகை ஒன்று நடுவில் தொய்ந்துபோய் வந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்துவந்த பெண் விலகி இடம்விட்டாள். ஞானம்பிகை உள்ளே புகுந்து துணியின் விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றினாள். அதில் எழுதியிருந்தது அவள் பக்கத்துக்குத் தெரியவில்லை. கடற்காற்றில் துணி உப்பி அவளை முன்னுக்கு இழுத்தது.